மணக்கோலம் புனைந்த கைகள்

தமிழில் அழகு செய்தலைக் குறிக்கும் சொற்கள் பல. ஒப்பனை என்கிறோம், கோலம் என்கிறோம், வடமொழி வழியே அலங்காரம் என்றும் சொல்கிறோம். நூல்களில் பயிலும் மற்றொரு சொல் கைபுனைதல் என்பது. கைசெய்தல் என்றாலும் அழகு செய்தல் என்றே ஒரு பொருள் உண்டு. இரண்டிலும் கை இருப்பதைக் காண்க. அழகு தானே வந்து அமைவதன்று. ஒரு கை அதைச் செய்யவேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். அது யாருடைய கை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்காலத்துப் பெண்கள் சிலர் தம் திருமணத்திற்குத் தாமே தலைவாரி, தாமே முகம் திருத்தி, மணமேடைக்கு வரப் பயில்கின்றனர். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். “மணப்பெண் தன் தலையைத் தானே பின்னிக்கொள்வதா? இது எங்கும் இல்லாத புதுமை” என்கின்றனர். எங்கும் இல்லாததுதானா என்று பார்ப்போம்.

தமிழர் திருமணத்தைக் கண்முன் நிறுத்தும் பழம்பாடல்கள் அகநானூற்றில் இரண்டு உள்ளன. ஒன்று நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டு. பந்தலில் மணல் பரப்பி, விளக்கேற்றி, விடியலுக்கு முன்னரே சடங்கு தொடங்குகிறது. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி வாழ்த்துரைத்து மணமகளை நீராட்டுகின்றனர். அந்த நீரில் பூவும் நெல்லும் கலந்திருக்கின்றன. நீர் வடிந்தபின் ஈர இதழ்களும் நெல்மணிகளும் அவளுடைய கரிய கூந்தலில் தங்கி விளங்குகின்றன. அப்பாட்டிலே கூந்தலுக்கு வேறு புனைவு சொல்லப்படவில்லை. வாழ்த்தே பூவாகிக் கூந்தலில் தங்கியது என்று கொள்ளலாம். மற்றொன்று விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டு. பந்தலின் கீழே அணிகலன்களின் மிகுதியால் மணமகளுக்கு வியர்க்கிறது. சுற்றத்தார் அந்த வியர்வையை ஆற்றுகின்றனர். இன்றைய ஒப்பனைக் கலைஞர்கள் பெரிதும் அஞ்சுவது மணமகளின் வியர்வையைத்தான். அதற்கும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வயதாகிவிட்டது!

ஆயின் அன்றாடப் புனைவு வேறு. அதைப் பெண்டிர் தம் கையாலேயே செய்துகொண்டனர் என்று கருத இடமுண்டு. கீழடி அகழாய்வில் தந்தச் சீப்பும், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் கிடைத்துள்ளன. மைக்கோல் கொடுமணலிலும் கிடைத்திருக்கிறது. ஒருத்தி ஒரு கையால் இமையைத் தாழ்த்தி மறு கையால் தீட்டிக்கொள்வதற்குரிய கருவி அது. பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்றே ஒரு பெயர் இருந்தது. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர் என்பர் உரையாசிரியர். ஐந்து வகை முடிப்பும் அறிந்த கை அந்த வீட்டிலேயே இருந்தது. அந்தக் கைக்கு மணநாளில் மட்டும் ஓய்வு கொடுக்கப்பட்டது.

இனிச் சிலப்பதிகாரத்திற்கு வருவோம். மனையறம்படுத்த காதையிலே கோவலன் கண்ணகியின் நலம் பாராட்டுகிறான். அப்போது அவளுக்கு அணி செய்தவர்கள்மேல் அவனுக்கு ஒரு குறை. மங்கல அணி ஒன்று போதாதா, வேறு அணிகளைப் பூட்டி அவர்கள் பெற்ற பயன் யாது? கூந்தலுக்குச் சில மலர் போதாதா, மாலையும் எதற்கு? அகிற்புகை போதாதா, கத்தூரிச் சாந்தும் எதற்கு? இப்படி அடுக்குகிறான். கண்ணகிக்குக் கோலம் செய்தோர் பிறர் என்பதும், அவர்கள் சற்று மிகையாகவே செய்துவிட்டனர் என்பதும் இதனால் விளங்கும். திருமணக் கூடங்களில் இன்று மணமகளைப் பார்த்துவிட்டு முணுமுணுக்கும் உறவினருக்குக் கோவலன் முன்னோன்.

அதே காப்பியத்தில் மாதவியின் நீராட்டு கடலாடு காதையில் வருகிறது. பத்துவகைத் துவர், ஐந்துவகை விரை, முப்பத்திருவகை ஓமாலிகை ஆகியன ஊறிய நீரில் கூந்தலை ஆட்டி, புகையில் உலர்த்தி, வகுத்து, காலுக்குச் செம்பஞ்சு தொடங்கித் தலைக்கு வலம்புரி வரையில் பூண்பன அனைத்தையும் இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். படிக்கும்போது ஒரு பயிற்சி நூலைப் படிப்பதுபோலவே இருக்கும். அது தற்செயல் அன்று. மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதையைப் புரட்டினால் காரணம் தெரியும். நாடக மகளிர் கற்கவேண்டிய கலைகளின் பட்டியல் அங்கே உள்ளது. கூத்து, பாட்டு, யாழ், குழல் என்று செல்லும் அந்தப் பட்டியலில் மலர் ஆய்ந்து தொடுத்தலும் உண்டு. ‘கோலம் கோடல்’ என்பதும் உண்டு. கோடல் என்றால் கொள்ளுதல். தன்மேல் தான் கோலம் கொள்ளுதல் அக்காலத்தே ஒரு பாடம்; ஆசிரியரிடத்துப் பயின்று தேறவேண்டிய பாடம். முப்பது ஆண்டுகளுக்குமேல் பாடத்திட்டங்களோடு மல்லாடியவன் ஆதலின் இந்த வரியைக் கண்டபோது எனக்குத் தனி மகிழ்ச்சி ஏற்பட்டது.

ஆக, நிலைமை இதுதான். ஆடல்மகள் தன் கோலத்தைத் தானே கற்றாள். குலமகளுக்கோ மணநாளில் பிறர் கோலம் செய்தனர். செல்வர் மனைகளில் அதற்கென்றே பணிப்பெண்டிர் இருந்தனர். வண்ணமகளிர் என்று அவர்களைச் சிந்தாமணி குறிக்கும். கம்பரும் பாலகாண்டத்தில் கோலங்காண் படலம் என்று ஒரு படலமே அமைத்துச் சீதைக்குத் தோழியர் கோலம் செய்யும் அழகை விரித்துரைக்கிறார். சீதை அமர்ந்திருக்கிறாள். பிறர் கைகள் இயங்குகின்றன.

இந்த மரபிற்கு மாறாகத் தன் கையால் சூடித் தானே பார்த்துக்கொண்ட ஒருத்தி தமிழ்நாட்டில் உண்டு. அவள் பெயரைச் சொன்னால் எவரும் புதுமை என்று குறை சொல்லார். திருவில்லிபுத்தூர்க் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கண்ணாடிக் கிணற்றைக் கண்டிருப்பர். பெருமாளுக்கென்று தந்தை தொடுத்து வைத்த மாலையை ஆண்டாள் தான் சூடி, இறைவனுக்குத் தான் இசைந்தவளோ என்று அந்தக் கிணற்று நீரில் எட்டிப் பார்த்தாள் என்பது வழிவழி வரும் செய்தி. பக்தியைப் பற்றிப் பேச வல்லவர்கள் பேசட்டும். என் சிற்றறிவுக்குப் படுவது வேறொன்று. தோழியர் கூட்டம் சொல்லும் முகமனை அவள் கேட்கவில்லை. தன் மணக்கோலத்தைத் தன் கண்ணால் காண விரும்பினாள். வீட்டில் கண்ணாடி இன்மையால் கிணற்றை நாடினாளோ என்னவோ!

கண்ணாடி என்றதும் அதனைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் இந்த வரலாற்றின் பாதி அதனுள் அடங்கியிருக்கிறது. பண்டைக் காலத்து ஆடி என்பது மெருகேற்றிய உலோகத் தகடு. கேரளத்து ஆறன்முளையில் இன்றும் அவ்வகைக் கண்ணாடி வார்க்கின்றனர். உள்ளங்கை அளவுத் தகட்டில் நெற்றிப்பொட்டைத் திருத்தலாம். பின்னலைக் காண இயலாது. கண்ணாடிப் பலகையின் பின்புறத்தில் வெள்ளி படியச் செய்யும் முறையை ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் 1835இல் கண்டார். அதன் பின்னரே பெரிய கண்ணாடிகள் விலை குறைந்து, மெல்ல மெல்ல நம் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துச் சுவருக்கு வந்தன. மணமகள் தன் முதுகுப்புறத்தைத் தானே காண இரண்டு கண்ணாடிகள் வேண்டும். தமிழ்நாட்டு மணக்கோலத்தின் சிறப்பெல்லாம் முதுகுப்புறத்தில் அன்றோ இருக்கிறது? உச்சிக்குப் பின்னே ராக்கொடி, அதன்கீழ்ச் சடைநாகம், நுனியில் குஞ்சலம். முன்புறத்தில் வகிட்டின் வழியே நெற்றிச்சுட்டி, வலத்தே சூரியப்பிரபை, இடத்தே சந்திரப்பிரபை. இவற்றையெல்லாம் சேர்த்துத் தலைசாமான் என்பர். கோயில் தேவியர்க்கும் ஆடல்மகளிர்க்கும் மணமகளுக்கும் இது பொது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இவற்றைச் செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. பழைய நிழற்படக் கடைகளில் பூச்சடை தைத்த பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னே நிறுத்தி, முகமும் சடையும் ஒருங்கே விழுமாறு படமெடுத்தனர். அத்தகைய படம் தொங்காத வீடு ஒருகாலத்தில் அருமை.

கண்ணாடி வந்த பின்னும் மணமகளின் கை விடுதலை பெறவில்லை. காரணம், கோலம் செய்யும் கை திறமையுள்ளதாய் இருந்தால் மட்டும் போதாது. மங்கலமுள்ளதாகவும் இருக்கவேண்டும் என்றனர். சுமங்கலிகளே நலங்கு வைப்பர், சுமங்கலிகளே பூமுடிப்பர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட மகளிர் என்றும் கைம்மை எய்தாதவர் என்பதால், தாலிச் சரட்டில் மணிகோத்துத் தருமாறு சில குடும்பத்தார் அவர்களை வேண்டினர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் நூலில் இச்செய்தி உண்டு. அவர்களை மருமகளாக ஏற்கமாட்டார்கள். அவர்கள் கைபட்ட மணியை மருமகளின் கழுத்தில் ஏற்பார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டமியற்றித் தடுத்தது. மறுபுறம், கைம்பெண்ணின் கை எவ்வளவு தேர்ந்ததாயினும் மணமகளைத் தொடலாகாது. 1856இலேயே கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் கூடத்துக்குள் நுழையும். மணமகள் அமர்ந்திருக்கும் உள்ளறை வரை நுழைவதற்கு நெடுநாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் இதனை நான் கண்கூடாகப் பார்த்தேன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று எங்களுடையது. என் தந்தையாரின் தமக்கை இருபது வயதில் கணவனை இழந்து எங்களோடு இருந்தார். சடை பின்னுவதிலும் பூச்சடை தைப்பதிலும் அவருக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை. பள்ளிக்குச் செல்லும் நாள்களில் என் அக்காளுக்கும் அண்டைவீட்டுச் சிறுமியர்க்கும் அத்தைதான் தலைவாரிப் பின்னிவிடுவார். நல்ல நாள் வந்தால் மட்டும் அந்தக் கை ஆகாது. இந்தக் கணக்கு எனக்கு அன்றும் விளங்கவில்லை. கணக்கு ஆசிரியனாகப் பயிற்சி பெற்ற பின்னும் விளங்கவில்லை.

அக்காளின் திருமணம் 1971ஆம் ஆண்டு தை மாதத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்பே அத்தை பாடம் தொடங்கிவிட்டார். சன்னல் கம்பியில் மூன்று புரிக் கயிற்றைக் கட்டி, முதலில் அதைப் பின்னச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்னச் சொன்னார். அதன் பின்னரே அக்காள் தன் தலைக்கு வந்தாள். பிடரியிலே புரிகளைப் பிரித்தெடுப்பது, சவுரியை எந்த இடத்தில் கூட்டினால் முடிச்சு வெளியே தெரியாது என்பது, பின்னலைத் தோளின்மேல் முன்னே கொணர்ந்து நுனிவரை முடித்துக் குஞ்சலம் கட்டிப் பின்னே தள்ளுவது, ஊசியைத் தலையோட்டை ஒட்டிச் செருகாமல் பின்னலோடு பின்னலாகச் செருகுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. கூடத்துச் சுவர்க் கண்ணாடியும், தந்தையார் முகம் மழிக்கும் கைக்கண்ணாடியும் பாடக் கருவிகள். “கண்ணாடியை நம்பாதேடி, விரலை நம்பு. உன் தலை உன் கைக்குத் தெரியணும்” என்பது அத்தையின் வாக்கு. கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பின்னாளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பல புத்தகங்கள் படித்தேன். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று அவை பல பக்கங்களில் சொன்னதை அத்தை ஒரு கயிற்றில் காட்டியிருந்தார்.

மணநாள் விடியலில் சித்தியும் மற்றச் சுமங்கலிகளும் பூவும் நகையும் எடுத்து நீட்டினர். அக்காளே வகிடெடுத்தாள், அக்காளே பின்னினாள். சிலர் முணுமுணுத்தனர். முகூர்த்தத்திற்கு நேரமாகிறது என்ற பரபரப்பில் அது அடங்கிவிட்டது. கூடத்திற்கு வருவதற்கு முன் அக்காள் ஒரு நொடி கொல்லைப்புறக் கதவருகே போனாள். அத்தை அங்கே அமர்ந்திருந்தார். அவர் எதிரே வரலாகாது என்பதுதானே விதி? அக்காள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அத்தை கையை நீட்டவில்லை. மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “இடப்பக்கம் ஓர் ஊசி தளர்ந்திருக்கு” என்றார். அக்காள் கையைப் பின்னே கொண்டுபோய் அதைச் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பதினொரு வயதுச் சிறுவனாகப் பந்தக்காலருகே நின்று இதைப் பார்த்தேன்.

அந்த நாளிலேயே நாட்டில் வேறு காற்றும் வீசிக்கொண்டிருந்தது. சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்கும் சட்டம் 1967இல் நிறைவேறியிருந்தது. அத்தகைய மேடைகளில் கைம்பெண்ணை விலக்கும் வழக்கம் இல்லை. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

ஒப்பனைப் பொருள்களின் கதை தனி. மையும் மருதாணியும் வீட்டில் செய்யப்பட்டன. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த செப்புத் தட்டில் படியும் கரியை எடுத்து அதே எண்ணெயில் குழைத்தால் மை. இந்தியப் பெண்களுக்கென்று இந்நாட்டிலேயே ஒப்பனைப் பொருள் செய்யும் நோக்கத்தோடு டாட்டா நிறுவனத்தார் 1952இல் லக்மே என்ற பெயரில் தொழில் தொடங்கினர். திரைப்படமும், பிறகு வண்ணப் படமும், அதன் பிறகு ஒளிவிளக்கோடு வந்த காணொளிக் கருவியும் மணமகளின் முகத்திற்குப் புதிய கணக்குகளை வகுத்தன. அழகு நிலையங்கள் நகரங்களிலிருந்து சிற்றூர் வரை பரவின. இன்று மணமகளுக்குக் கோலம் செய்ய வருபவர் பெட்டிகளோடும் துணையாள்களோடும் வருகிறார். திருமணச் செலவுக் கணக்கில் அதற்குத் தனி வரி ஏற்பட்டுவிட்டது. பழைய வண்ணமகள் கூலி பெற்றுத் திரும்பி வந்திருக்கிறாள் என்று கொள்க. அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுள் கைம்பெண்களும் உளர், எவரும் கேட்பதில்லை. கூலி கொடுத்தால் மங்கலம் பாராட்டுவது மறந்துபோகும் போலும்.

ஆயினும், தாமே செய்துகொள்ள விரும்பும் பெண்களும் பெருகி வருகின்றனர். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி தன் திருமண அழைப்பிதழோடு வந்தபோது இதைச் சொன்னாள். செலவு ஒரு காரணம் என்றாள். மற்றொரு காரணத்தையும் சொன்னாள்: “என் அக்காவின் கலியாணப் படத்தில் அக்காவைத் தேட வேண்டியிருக்கிறது ஐயா.” கோவலன் கேட்ட கேள்விதான் இது, கேட்டவர் மட்டும் மாறியிருக்கிறார்.

அவள் பழகிய விதம் எனக்கு அத்தையை நினைவூட்டியது. ஆறு வாரம், வாரத்திற்கு இரண்டு நாள். திருமண முகூர்த்தம் விடியற்காலையில் ஆதலின், பயிற்சியையும் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து அதே மின்விளக்கின் கீழ் செய்து பார்த்தாளாம். மாலையில் நன்றாய்த் தோன்றும் பூச்சு விடியல் ஒளியில் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும் என்றாள். முகத்திற்குப் பூசும் எந்தப் பொருளையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். இது நல்ல வழக்கம். கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் குழைவை அவள் வாங்கவே இல்லை. மருதாணி இலையில் கறுப்பு நிறம் இல்லை. அதற்காகச் சேர்க்கப்படும் தலைச்சாய வேதிப்பொருள் சிலருக்குத் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். இலையை அரைத்து எலுமிச்சைச் சாறு சேர்த்து இரவு முழுதும் வைத்தால் வரும் செம்மையே போதும். இரண்டாவது கண்ணாடிக்குப் பதிலாக அவளுக்குக் கைப்பேசி இருக்கிறது. முதுகுப்புறத்தைப் படமெடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள்.

ஓர் இடர்ப்பாடு மட்டும் அவளைக் கலங்க வைத்திருக்கிறது. சடங்கின் நடுவே கூறைப்புடவை கொடுப்பர். மணமகள் உள்ளே சென்று மாற்றி உடனே வரவேண்டும். புரோகிதர் நாழிகையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தச் சில மணித்துளிகளில் பின்னலும் சுட்டியும் கலையாமல் இருக்கவேண்டும். அதற்கு அவள் கண்ட வழி எளியது. சுட்டியின் கொக்கியை வகிட்டில் மாட்டிய பின் அதன்மேல் இரண்டு ஊசிகளைக் குறுக்காகச் செருகிவிடுவது. கழுத்தை ஒட்டிய சரத்தைப் புடவை மாற்றிய பிறகே சூடுவது. பூச்சடையை மட்டும் கடையில் தைத்து வாங்கத் தீர்மானித்தாள். வாழைமட்டைத் துண்டில் மல்லிகை மொட்டுகளை வரிசையாக வைத்துத் தைத்து, இடையிடையே தாழை மடலை மடித்துச் செருகுவார்கள். தாழை இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் முதல் நாளே நறுக்கி வைத்தால் விடிவதற்குள் ஓரம் கருகிவிடும். ஈரத்துணியில் சுற்றி மடலாகவே வைத்திருந்து, தைக்கும்போதுதான் நறுக்கவேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி வைக்கும்படி அவளிடம் சொன்னேன்.